என் இடப்பக்கத்தில் அவர்

வியாழன், இரவு.

பக்கவாதம் வந்ததிலிருந்து என் இடது கையால் அக்கார்டியனின் துருத்தியை இழுக்க முடியவில்லை. இத்தனை வருடம் நடத்திய இசை வகுப்பை மூடிவிடலாம் என்று இன்று என் கணவரிடம் சொல்லிவிட்டேன். பீங்கான் ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கை கழுவிவிட்டு என் இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தார்.

"நான் இழுக்கறேன், நீ வாசி."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாதேங்க."

"எப்ப இழுக்கணும்னு தலையாட்டு, போதும்."

மோகனம் தொடங்கினேன். முரட்டுத்தனமாக இழுத்தார், பெட்டி அலறியது. இருவரும் சிரித்துவிட்டோம். நாலாவது தடவை ஒரு கீர்த்தனையின் பல்லவி முழுக்க அறுபடாமல் வந்தது. எனக்குத்தான் கண் கலங்கியது.

"நாளைக்கு ஆலையில, இனிமே காலை ஷிப்டு தர முடியுமான்னு கேட்டுப் பாக்கறேன். கம்மாபுரத்துப் பிள்ளைங்க சாயங்காலம் வகுப்புக்குப் பஸ்ஸு ஏறி வருதுங்கல்ல?" என்றார்.

படுக்கும்போது தோள் வலிக்கிறது என்றார். ஒரு கையாலேயே தைலம் தேய்த்துவிட்டேன்.