காட்டுப்பன்னி முட்டிச் செத்த ஆண்டகைக்கு

என் செல்ல ஆண்டகையே, ஓகே ஆயிடுச்சு, ஓகே ஆயிடுச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பட்டினப்பாக்கத்துல எங்க கோயில் ஹால்ல உங்க கதைய நான் சொல்லப்போறேன், ஒரு வரி கூட வெட்டாம!

நீங்க செத்து ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஐரோப்பால பிராங்க்னு ஒரு கூட்டத்து ராஜாங்க ஆண்ட காலத்து பிஷப்பு. உங்கப்பாவும் பிஷப்புதான், அவர புனிதர்னு கும்புடுறாங்க. நீங்க? ஒண்ணுக்கு ரெண்டு மறைமாவட்டத்த கையில வச்சிருந்தீங்க, வாள் தூக்கினு சண்டைக்குப் போனீங்க, புள்ளைங்க பெத்தீங்க, கடைசில வேட்டைக்குப் போய் காட்டுப்பன்னி முட்டி செத்தீங்க. ஃபோன்ல பழைய லத்தீன தட்டுத்தடுமாறி படிச்சுட்டு பஸ்லயே கத்திட்டேன். இன்னா ஆளுய்யா நீங்க!

ஃபாதர் முதல்ல ஒத்துக்கல. "இளைஞர் கூட்டத்துல நல்ல ஆயர் ஒருத்தர பத்தி பேசச் சொன்னா, இவரையாம்மா புடிச்ச? வேட்டை, சண்டை, புள்ளைங்க எல்லாத்தையும் எடுத்துடு. இல்லன்னா வேற யாராவது பேசட்டும்."

அதெல்லாம் எடுத்துட்டா மிச்சம் இன்னா இருக்கு? உங்க தொப்பிதான். எனக்கு அழுகையே வந்துருச்சு. "அவர பத்தி எழுதுனவங்க எல்லாம் அவர புடிக்காதவங்க ஃபாதர். அவரு கையால எழுதுனது ஒரு வரி கூட எனக்கு கிடைக்கல"ன்னேன்.

மீன் கூடையோட வாசல்ல நின்ன எங்கம்மா நடுவுல பூந்துட்டாங்க. "பக்கத்து கடைக்காரி பேச்ச மட்டும் கேட்டா, நான்கூட நாறுன மீன் விக்கிறவதான் ஃபாதர். செவுள தூக்கிப் பாத்தாதான மீன் எப்டி கீதுன்னு தெரியும்?"

ஃபாதர் சிரிச்சுட்டாரு. "சரி எஸ்தர். ஆனா உன் பொண்ணு செவுள முழுசா தூக்கிக் காட்டணும். அவரு பண்ண தப்ப மறைக்கக்கூடாது."

அதனால கோச்சுக்காதீங்க. கோயில் நெலத்த உங்க ஆளுங்களுக்கு அள்ளிக் குடுத்தீங்கன்னு எழுதி வச்சிருக்காங்களே, நெஜமா? நீங்க வேட்டை நாய்ங்களோட காட்டுல சுத்துனப்ப, உங்க சாமியாருங்க சோத்துக்கு இன்னா பண்ணாங்க? அதையும் கேப்பேன்.

இன்னொரு சேதி. உங்கள மாதிரி பழைய ஆளுங்க கதைய நான் நெட்ல வீடியோவா போடுவேன், எங்கம்மா அதுல ஒண்ணு கூட பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமைதான் மீன் நல்லா போற நாளு. "ஒரு மணிநேரம் கடைய மூடிட்டு வரேன்டி. அந்தப் பன்னி கதைய நானும் கேக்கணும்"னாங்க. சொந்தக்காரங்க கல்யாணத்துக்குக்கூட மூடாத கடை ஆண்டகையே!

சத்தியமா சொல்றேன், உங்கள புனிதராவும் ஆக்க மாட்டேன், ஜோக்கராவும் ஆக்க மாட்டேன். இருந்தபடியே காட்டுறேன்.

இந்த லெட்டர நெட்ல படிக்கிற மக்களே, மயிலாப்பூரோ அடையாறோ, எங்க இருந்தாலும் நீங்களும் வாங்க. அவரு பேர அங்கதான் சொல்லுவேன். அவர திட்டணும்னாலும் வாங்க, மைக் தரேன். தெரிஞ்சவங்களுக்கெல்லாம் இத அனுப்புங்க. முன்வரிசைல ஒரு சேர் மட்டும் விட்டு வைங்க. எங்கம்மா கடைய மூடிட்டு ஓடி வருவாங்க.

உங்களுக்குத் தங்கச்சி முறை,
மீன்கார எஸ்தர் பொண்ணு