பதினான்காம் இடத்துக்கு ஒரு துண்டு

ஜூன் 3, செவ்வாய்

மறுபடியும் அதே ஏரிக்கரை விடுமுறை முகாம். பதினான்காம் எண் இடத்தை எங்களுக்கென்று பௌக்யே ஒதுக்கி வைத்திருந்தாள். முகாம் அவளுடையது, எங்களை இருபது வருடமாகத் தெரியும். மகள் நின்கே பள்ளியில் படித்தபோது கோடையில் கூடாரம் அடித்த இடம் இதுதான்.

வந்ததும் நின்கேக்குச் செய்தி அனுப்பினேன். "ஜூன் முழுக்க இங்கேதான் இருப்போம். பதினான்கு. என்றைக்குத் தோன்றுகிறதோ அன்றைக்கு வா." பதில் வந்தது: "பார்க்கலாம்." ஒரே ஒரு வார்த்தை. ஆனாலும் குளிர்காலத்துக்குப் பிறகு பெற்ற மகளிடமிருந்து வந்த முதல் வார்த்தை. என் கணவன் வீபேயிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையை ஏதோ நீளமான கடிதம் போலப் படித்தான்.

ஜூன் 4, புதன்

மழை. வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

அவள் கோபம் நியாயமானது. பொல்ஸ்வார்ட் ஊரில் இருந்த வீட்டை விற்று, உள்ளேயே கட்டிலும் அடுப்பும் இருக்கும் இந்தக் கேம்பர் வண்டியை வாங்கியதை, எல்லாம் முடிந்த பிறகுதான் அவளிடம் சொன்னோம். அதுவும் வீபே, தட்டில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "கையெழுத்துப் போட்டாச்சு" என்றான். "அப்போ இனிமே நான் எங்க வர்றது? வண்டி நிறுத்துற இடத்துக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவள்தான். அப்பா கூப்பிட்டால் போனை எடுப்பதே இல்லை. இப்போது எங்களுக்கென்று இருக்கும் முகவரி இந்தப் பதினான்கு மட்டும்தான்.

மாலையில் பௌக்யே வந்தாள். "பெந்தெகொஸ்தே லீவு. நாளையிலேர்ந்து கூட்டம் பிச்சுக்கும். வண்டிய எடுத்துட்டு வெளிய போனா, நாற்காலியோ மேஜையோ எதையாவது விரிச்சு வெச்சுட்டுப் போங்க. வண்டி போனா வெறும் புல்லுதான். ஆள் இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

அவள் தலை மறைந்ததும் வீபே ஆரம்பித்தான். "துண்டு போட்டு இடம் பிடிக்க நான் என்ன ஜெர்மன்காரனா?" விடியும் முன்பே மணலில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள் ஜெர்மன்காரர்கள் என்று, கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் அவன் அப்பா சொல்லிச் சிரித்த அதே நக்கல். சிறுவயதிலேயே மண்டைக்குள் ஏறிவிட்டது, இறங்கமாட்டேன் என்கிறது.

நாளை ஸ்நேக் ஊர் ஆஸ்பத்திரியில் வீபேயின் முழங்காலுக்கு ஊசி. போய்த்தான் ஆகவேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதினால் கொஞ்சம் ஆறுமோ என்று எழுதுகிறேன்.

காலையில் நான் நாற்காலிகளை விரித்து வைத்தேன். இவன் மடித்து உள்ளே போட்டான். மறுபடியும் விரித்தேன். மறுபடியும் மடித்தான்! கடைசியில், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் அந்த இரண்டு மஞ்சள் கட்டைகளை மட்டும் புல்லில் விட்டான். "கட்டையப் பாத்தா ஆள் இருக்குன்னு தெரியாதா? எல்லாருக்கும் கண்ணு இருக்குல்ல?"

திரும்பி வந்தால் பதினான்கில் ஒரு பெரிய வெள்ளை வண்டி. ஜெர்மன் எண். எங்கள் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, அழகாக, வேலியோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த மனிதர் பதறிப்போனார். "ஐயோ, யாரோ மறந்துட்டுப் போனதுன்னு நினைச்சோம். ஆபீஸ்லயும் யாரும் இல்ல. இதோ, இப்பவே எடுத்துடறோம்." சண்டை போடக்கூட வழியில்லாத நல்ல மனிதர்.

அவர் மனைவி கெர்லிண்டே என் பக்கம் வந்தாள்.

"ஒரு பொண்ணு வந்தாளே. சைக்கிள்ல. சிவப்பு மழைக்கோட்டு. இங்க இருந்தவங்க எங்கன்னு கேட்டா. நாங்க வரும்போது காலியாத்தான் இருந்துச்சு, கிளம்பிப் போயிட்டாங்க போலன்னு சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"சிரிச்சா. 'அவங்க எப்பவும் அப்படித்தான்'னு சொல்லிட்டுப் போயிட்டா."

அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் பெற்றவள்தானே.

அவர்கள் பதினேழுக்குப் போனார்கள். கதவைச் சாத்தியதும் கத்தினேன், அக்கம்பக்கம் கேட்கட்டும் என்றே கத்தினேன். "ரெண்டு நாற்காலிய விரிச்சு வெக்க என்ன கேடு உனக்கு? வீட்டையும் இப்படித்தான் ஒரு ஆணி விடாம துடைச்சுட்டு வந்தே! அவளுக்குன்னு எதையாவது விட்டு வெச்சியா நீ?"

அவன் நொண்டிக்கொண்டே போய் ஏரியைப் பார்த்தபடி நின்றான். பாவமாகவும் இருந்தது. நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

ஜூன் 7, சனி

நின்கேக்கு எழுதினேன்: "டாக்டரிடம் போயிருந்தோம். இங்கேதான் இருக்கிறோம். போகவில்லை." படித்துவிட்டாள். பதில் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

வீபே வண்டியை அசைக்கமாட்டேன் என்கிறான். ரொட்டி தீர்ந்தது. ரஸ்க்கும் பாலாடைக்கட்டியும்தான் சாப்பாடு. பாதையில் சிவப்பாக எது தெரிந்தாலும் எழுந்து நிற்கிறான். இன்று சிவப்புத் தொப்பி போட்ட ஒரு தாத்தாவுக்கும் எழுந்து நின்றான்! நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

கெர்லிண்டே ஆப்பிள் கேக் கொண்டுவந்தாள். பொண்ணு யார் என்று கேட்டாள். எங்க பொண்ணு என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 9, திங்கள்

வரவில்லை. நான் ஏன் ஒவ்வொரு நாளும் இதை எழுதுகிறேன்?

ஜூன் 10, செவ்வாய்

கேஸ் தீர்ந்துவிட்டது. காபி குடிக்காத வீபேயோடு ஒரு காலை. என் எதிரிக்கும் வேண்டாம்.

ஊருக்குள் போய் சிலிண்டர் மாற்றியாக வேண்டும். இந்தக் காலோடு அவனால் தூக்க முடியாது, என்னால் இந்த வண்டியை ஓட்ட முடியாது. இருவருமே போகவேண்டும். கெர்லிண்டேயிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று போனால், அவர்கள் படகில் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தேன். வீபே நாற்காலிகளை வெளியே கொண்டுவந்து கொண்டிருந்தான். ஒன்று. இரண்டு. பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து, வாங்கியதிலிருந்து உறை பிரிக்காத மூன்றாவதை இழுத்தான். பிரித்து விரித்தான். உள்ளே போய்த் தன் நீலக் குளியல் துண்டை எடுத்துவந்து, அந்த மூன்றாவது நாற்காலியின் மேல் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் இரண்டு பக்கமும் துணிக்கிளிப் மாட்டினான்.

"ஒண்ணும் பேசாத" என்றான்.

நான் வாயைத் திறந்தால்தானே.

அதே நாள், மாலை

தூறல். சிலிண்டரோடும் நின்கேக்குப் பிடித்த சர்க்கரை ரொட்டியோடும் திரும்பினோம். எதற்கு அதை வாங்கினேன் என்று வீபே கேட்கவில்லை. முகாம் வாசலில் திரும்பும்போதே பதினான்கை எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் துண்டைக் காணோம். போச்சு, காற்று கொண்டுபோய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன். யாரோ உட்கார்ந்திருந்தார்கள், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு.

வீபே பிரேக்கை மிதித்தவன் மிதித்தபடியே இருந்தான்.

அவள் எழுந்து வந்து ஜன்னல் பக்கம் நின்றாள். இளைத்திருந்தாள்.

"என்னப்பா, துண்டு போட்டு இடம் பிடிச்சிருக்கே? ஜெர்மன்காரனாயிட்டியா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மழை உள்ளே பெய்யவில்லை.

"சரி, வண்டிய விடு. நான் பின்னாடி பாக்குறேன்."

கட்டைகளை எடுத்துப் போட்டாள். கூடாரக் காலத்தில் காரை உள்ளே விடும்போது செய்வாளே, அதே மாதிரி இரண்டு கைகளையும் ஆட்டினாள். "வாப்பா... இன்னும் வா... இன்னும் கொஞ்சம்... போதும்!"

காபி போட்டேன். ரொட்டியை வெட்டும்போது அவளாகவே சொன்னாள்:

"நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு பெல்ஜியம் வண்டி வந்துச்சும்மா. இந்த இடம் காலியான்னு கேட்டாங்க. இல்ல, இது எங்களுதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

வீபே அவள் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.