ஆமாவா, இல்லையா என்று கேட்டவர்

இன்று காலை செம்பூர் மார்க்கெட்டிலிருந்து திரும்புகையில் யார் வீட்டிலோ புளிக்காய்ச்சல் கொதித்தது. நல்லெண்ணெய் வாசனையில் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

நம் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குக் காட்டும்முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது. நீ சமையல். வீட்டுச் செலவை எழுதியே கணக்குக் கற்றுக்கொண்ட நான் சாமான் கணக்கு. காய் நறுக்கும் பெண்கள் ஒருநாள் மூட்டிய சண்டையில் நீ யாரையும் திட்டவில்லை. "என்னடி ஆச்சு? முதல்லேர்ந்து சொல்லு" என்று ஒருத்தியிடம் கேட்டாய். அவள் முடிக்கும்வரை கரண்டிகூட அசையவில்லை. "அப்போ வேலை ஜாஸ்தின்னு இல்லை, அவ சிரிச்சதுதான் பொறுக்கலை. அப்படியா?" அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

"கேட்டுட்டு வாயை மூடிக்கணும்டி. நடுவுல நாம பேசினா, வெளியில வர விஷயம் உள்ள போயிடும்" என்றாய் என்னிடம்.

உன்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை புளியோதரை உப்புக் கரித்தது. வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். கோயில் மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "உப்பு போட்டது நீங்கதானே? ஆமாவா, இல்லையா?"

"ஆமா, ஆனா..."

"வீண் பேச்சு, கிட்கிட் எல்லாம் வேண்டாம். நாளையிலேர்ந்து வராதீங்கோ."

பிறகு நீ அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. பெருமாள் நைவேத்தியத்தைக் கெடுத்தவள் என்ற பேரோடே கண்ணை மூடினாய்.

போன வாரம் மறுபடி கரித்தது. மாட்டிக்கொண்டவள் உன் இடத்துக்கு வந்த புதுப் பெண். கோயில் கமிட்டி முன்னால் மேனேஜர் அவளிடமும் அதே ஆமாவா, இல்லையா. அவள் வாய் திறக்கும்முன் நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அவ இருக்கட்டும் சார். அன்னிக்கு மடப்பள்ளியில என்னவெல்லாம் நடந்தது? நீங்க சொல்லுங்கோ."

சொன்னார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நிறுத்தியபோதும் நான் பேசவில்லை. அவரால் தாங்க முடியவில்லை.

"ருசி பாக்க முடியாதே மாமி. இவா மறந்திருந்தா? சந்தேகம் வந்தா நானே ஒரு கை உப்பு போட்டுடுவேன்."

"சந்தேகம் வந்தா நீங்களும் போட்டுடுவேள். முன்னாடி எப்பல்லாம் அப்படி வந்தது?"

"ஒரு தடவை, அந்த மாமி இருந்தப்போ..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். நிறுத்தி என்ன? எல்லோருக்கும் உன் முகம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. அவர் வேலை போயிற்று.

நேற்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தெரியாம நடந்தது மாமி. கமிட்டியில ஒரு வார்த்தை சொல்லுங்கோ." உட்காரவைத்து மோர் கொடுத்தேன். "மேல சொல்லுங்கோ" என்றேன். பெண் கல்யாணம், ஊர் பேச்சு, தூக்கமில்லாதது எல்லாம் சொன்னார். அவர் கெஞ்சக் கெஞ்ச எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன்?

"கேட்டுண்டேன் சார்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்.

பெருமாள் அவரை மன்னித்தால் மன்னிக்கட்டும். அது அவர்கள் இருவருக்குள். உனக்காக மன்னிக்கிற உரிமையை நீ எனக்குத் தரவில்லை. இந்தக் கோபத்தை நானே வைத்துக்கொள்கிறேன்.