களத்துவீட்டு டிராக்டருக்கு நம் கயிறு

ஏனுங்க,

எங்கே இருந்தாலும் வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேளுங்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோது நான் பேச ஆரம்பித்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று எழுந்து போய்விடுவீர்கள். இனி அந்தச் சாக்கு செல்லாது.

செய்தி இதுதான். களத்துவீட்டு டிராக்டர் இப்போது நம் மாட்டுக் கட்டுத்தறியில் நிற்கிறது. ஆமாம், அதே சின்ன டிராக்டர்தான். நம்மைக் குத்தகைக் காட்டைவிட்டுத் துரத்த, நிலத்துக்காரரான களத்துவீட்டு எஜமான் வாங்கிய அதே வண்டி.

கோபம் வருகிறதா? வரட்டும். எனக்கும் வந்தது. முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

நீங்கள் மஞ்சள் காமாலையில் போன பிறகு செவலைக் காளையும் உங்கள் பின்னாலேயே போய்விட்டது. ஜோடியில் மயிலைக் காளை மட்டும் மிச்சம். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு எதை உழுவது? வைகாசி பிறந்துவிட்டது. முதல் மழையின் ஈரத்தில் உழவு போட்டு வைக்காவிட்டால் இந்த வருஷம் கடலை விதைப்பு அவ்வளவுதான்.

உங்கள் தம்பி அதற்காகத்தான் காத்திருந்தார். நமக்குப் பிள்ளை இல்லை, எப்படியும் காடு தன்னிடம்தான் வந்து சேரும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மெல்ல ஆரம்பித்தார்.

"ஏனுங்க நங்கை, காட்டை எங்கிட்ட உடுங்க. நான் வாரத்துக்குப் பண்ணிக்கறேன். வெளையறதுல பாதி உங்க ஊடு தேடி வந்துரும். பொம்பள ஏர் புடிக்க முடியுமுங்களா?"

பேச்சில் தேன் ஒழுகியது. ஆனால் ஒருதரம் வாரத்துக்கு விட்ட காடு திரும்பி வருமா? உழுகிறவனுக்கே நிலம் என்று சட்டத்தைக் காட்டிக் கோர்ட்டு கோர்ட்டாக நடந்து பட்டயம் வாங்கியவர் நீங்கள். இனிமேல் உழுகிறவர் உங்கள் தம்பி என்றால் நிலம் யாருக்குப் போகும்? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. வழிதான் இல்லை.

அப்போதுதான் களத்துவீட்டிலிருந்து ஆள் வந்தது, எஜமான் கூப்பிடுகிறார் என்று. அவர் களத்தையும் அந்த வீட்டையும் விற்றுவிட்டார். கொல்லங்கோட்டில் இருக்கும் பூர்வீகத் தறவாட்டு வீட்டுக்கே போகிறாராம். வாங்கினவர்கள் வருவதற்குள் கொட்டாயைக் காலி செய்து கொடுக்கவேண்டும். அதில் கிடந்ததுதான் இந்த டிராக்டர்.

"மாராத்தா, நிலம் போச்சு, களமும் போச்சு. இந்த சாதனத்தை நான் எங்கே கொண்டுபோறது? நீ எடுத்துக்கோ. காசொண்ணும் வேண்டா," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்தது. "பழையபடி ஓணத்துக்கு ஒரு குலை கொண்டுவந்து வெச்சுட்டுக் கோடித்துணி வாங்கிட்டுப் போ. கொல்லங்கோட்டுக்கு பஸ் உண்டல்லோ. அது போதும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்! ஓணம் வந்தால் குடியானவர்கள் எல்லாரும் தோட்டத்திலேயே நல்ல நேந்திரங்குலையாக வெட்டி அவர் முற்றத்தில் வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் ஆளுக்கொரு கோடித்துணி கொடுப்பார். குலை வைத்தவன் அவருடைய ஆள், அந்த வருஷம் முழுக்க. வைக்கமாட்டேன் என்று நின்ற முதல் ஆள் நீங்கள். அந்த ஓணத்துக்கு நம் குலை நம் வாசலில் தொங்கிப் பழுத்தது. போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு உரித்துக் கொடுத்தீர்கள். பயத்தில் நான் ஒரு பழம்கூடத் தின்னவில்லை.

ஓணம் முடிந்த கையோடு இந்த டிராக்டர் நம் காட்டுக்குள் இறங்கியது. சொந்தமாக உழுது பயிர் வைப்பதாகக் காட்டினால் குடியானவனைக் கிளப்பிவிடலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். காய் பிடித்து நின்ற கடலைச் செடிமேல் வண்டி வந்துகொண்டிருந்தது. நீங்கள் கத்தவில்லை, கல்லைத் தூக்கவில்லை. எருமை நடுரோட்டில் படுப்பதுபோல அதன் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏ புள்ள, கூழக் கொண்டா" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்குப்போசியிலிருந்த கம்மங்கூழைக் குடித்து, பச்சைமிளகாயைக் கடித்து, டிரைவரைப் பார்த்து உனக்கும் கொஞ்சம் ஊத்தட்டுமா என்று கேட்டீர்கள். அவன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

அந்த வண்டியை நான் எப்படி வாங்குவது? வாங்காமல் எதை வைத்து உழுவது?

கொட்டாய்க்குள் போய்ப் பார்த்தேன். முன் டயர் இரண்டும் மண்ணோடு மண். சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. எஞ்சின் ஜாமாகிவிட்டது, பழைய இரும்புக்காரன்கூட வேண்டாமென்று போய்விட்டான் என்று எஜமானே சொன்னார். ஆனால் மேல் தகரத்தைத் தூக்கியதுமே எனக்கு அது யாரென்று தெரிந்துவிட்டது. நம் கிணற்றுமேட்டு ஆயில் எஞ்சினுக்குத் தம்பி! அதே ஒற்றை சிலிண்டர், அதே ஹேண்டில் போட்டுச் சுற்றுகிற வகை.

நீங்கள் கேசுக்காகச் சித்தூருக்கும் பாலக்காட்டுக்கும் அலைந்த காலத்தில் அந்த எஞ்சினைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சியது யார்? ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கியது யாருக்கு? வால்வைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலை மாட்டி, இரண்டு கையாலும் ஒரு அழுத்து அழுத்தினேன். முனகிக்கொண்டே அரைச் சுற்று சுற்றியது. ஜாமான எஞ்சின் சுற்றாது. எஜமானிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்களோடுதான் சண்டை. அவர் வீட்டுத் துரும்புகூட வேண்டாமென்று இருந்தவர் நீங்கள், தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். செத்தவர்களுக்கு வைராக்கியம் சுலபம். உழவேண்டியவள் உயிரோடு இருக்கிறாள். அந்த வண்டியை விட்டுவிட்டால் காடு உங்கள் தம்பிக்கு. குலையோடு வாங்கினால் நான் எஜமானுக்கு. இரண்டும் முடியாது என்று நடுரோட்டில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எதிரே வந்தவர் விலகி நடந்தார்.

மயிலையைப் பிடித்துக் கட்டும்போதுதான் எனக்குப் புத்தியில் பட்டது. அவனை வாங்கின அன்று விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டார். நீங்கள் மடியில் கொண்டுபோன புதுக் கயிற்றைப் போட்டு ஓட்டி வந்தீர்கள். பழைய கயிற்றோடு வந்த மாடு பழைய கட்டுத்தறிக்கே திரும்பும் என்பீர்கள். கயிறு மாறிவிட்டால் கொடுத்தவருக்கு அதன்மேல் பேச்சில்லை. இது எஜமானுக்கும் தெரியும். எத்தனை மாடு விற்றிருக்கிறார்!

மீனாட்சிபுரம் கடையில் தடியாகப் புது வடக்கயிறு ஒன்று வாங்கினேன். வண்டியை இழுத்துவரப் பக்கத்துத் தோட்டத்து ராவுத்தர் தன் ஜோடி மாட்டை நுகத்தில் பூட்டி ஓட்டிக்கொண்டு வந்தார். களத்துவீட்டில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். டிராக்டரின் முன்னால் எஜமான் தன் வீட்டுச் சங்கிலியை மாட்டித் தயாராக வைத்திருந்தார். நான் அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"உங்க சங்கிலி உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. நாங்க கயிறு மாத்தித்தானுங்க ஓட்டுவோம். குலை வராதுங்க."

அவர் முகம் கறுத்துவிட்டது. "அப்பொ வண்டி இல்லை."

"சரிங்க," என்றேன். "ராவுத்தரே, மாட்ட அவுத்துருங்க. போலாம்."

கொட்டாயைக் காலி செய்ய அவருக்கு வேறு ஆள் இல்லை என்ற தைரியம்தான். ராவுத்தரும் சும்மா இல்லை, "ஆகட்டும் தாயி, வெயிலுக்கு முன்னால போயிருவோம்" என்று பூட்டாங்கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் வாசல் தாண்டப் போகும்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"நில்லு, நில்லு. கொண்டுபோ. நீ உன் புருஷனைக் காட்டிலும் மோசமாக்கும்!"

கேட்டீர்களா? எனக்கு இதுவரைக்கும் யாரும் இப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நம் புதுக் கயிற்றைக் கட்டி வண்டியை இழுத்து வந்தோம்.

வீட்டு வாசலில் உங்கள் தம்பி நின்றுகொண்டிருந்தார். "அண்ணன் இருந்திருந்தா களத்துச் சாமான ஊட்டுல சேத்துவாருங்களா?" என்று கேட்டார்.

"அண்ணன் இருந்திருந்தா நீங்க காட்ட வாரத்துக்குக் கேப்பீங்களா?" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்ததைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. நம் ஆயில் எஞ்சினுக்கு வேலை பார்க்கும் பொள்ளாச்சி மெக்கானிக்கை வரவழைத்தேன். டிராக்டரின் டீசல் பம்பு முழுக்க அரித்துப் போயிருந்தது. நம் எஞ்சினின் பம்பு அதற்கு அப்படியே பொருந்தும் என்றார். கிணற்றுக்குக் கரண்டு வந்த பிறகும் அந்த எஞ்சினை விற்கவிடாமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்தீர்களே, அதைப் பிரித்துவிட்டேன். மீதி உடம்பை அவரே கூலிக்கு எடுத்துக்கொண்டார். அது மாட்டுவண்டியில் ஏறிப் போனபோதுதான், நீங்கள் போனதற்கு அப்புறம் முதல்தடவையாக, வாய்விட்டு அழுதேன்.

ஓட்டவும் அவரே சொல்லிக் கொடுத்தார். கிணற்றுமேட்டுத் தென்னைமரம் ஒன்றுக்கு நல்ல அடி. மரம் பிழைத்துக்கொண்டது. பொம்பளை ஏர் பிடிக்கக் கூடாது என்று ஊரில் முணுமுணுத்தார்கள். இதில் பிடிப்பதற்கு ஏரே இல்லையே, ஸ்டியரிங்தானே இருக்கிறது என்றேன்.

இன்று மேக்காட்டில் இறக்கினேன். நாலு சால் போவதற்குள் இருமிவிட்டு நின்றுவிட்டது. உங்கள் தம்பி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் காற்றுப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது நம் பழைய எஞ்சினோடு பட்ட பாட்டில் எனக்குத் தெரியும். திருகைத் தளர்த்தி, டீசல் நுரையில்லாமல் வரும்வரை விட்டு, இறுக்கி, ஹேண்டிலைப் போட்டேன். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தபோது வரப்பில் ஆள் இல்லை.

நடுக்காட்டுக்கு வந்ததும் வண்டியை நானே நிறுத்தினேன். நீங்கள் சம்மணம் போட்ட இடம். இறங்கி, வண்டிக்கு முன்னால் அதே இடத்தில் உட்கார்ந்து, அதே தூக்குப்போசியில் கூழ் குடித்தேன். இந்த ஒரு துண்டை மட்டும் உழாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நல்ல மண்ணைத் தரிசாகப் போடுகிறாயா என்று நீங்கள் திட்டுவீர்கள். உழுதுவிட்டேன். பொழுது சாயும் முன்னால் மேக்காடு முழுக்க முடிந்தது. கீழ்க்காடு நாளைக்கு.

ஒரு வாக்குத் தருகிறேன். இந்த ஓணத்துக்கும் நம் தோட்டத்தில் நல்ல குலையாக வெட்டுவேன். அது கொல்லங்கோட்டு பஸ்ஸில் ஏறாது. நம் வாசலில்தான் தொங்கும். பழுத்ததும் போகிற வருகிற எல்லாருக்கும் உரித்துக் கொடுப்பேன், இந்தத் தடவை நானும் தின்பேன். எஜமான் இந்தப் பக்கம் வந்தால் அவருக்கும் பழம் உண்டு. உட்காரக் கட்டில் போடுவேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லமாட்டேன்.

உங்களைவிட மோசமான
உங்கள் ஊட்டுக்காரி,
மாராத்தாள்