மத்தியானத் தண்ணி

தூத்துக்குடி
3 மார்ச் 2025

ஏளா உமா,

மெட்ராஸ் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கிடுதான்னு கடைசில கேக்கேன். போன்ல பேசுனா நீ கத்துவ, நா அதுக்கு மேல கத்துவேன். அதான் கடுதாசி.

ஒங்க கம்பெனிக்கு நீ எழுதிக் குடுத்த ஆய்வு ரிப்போர்ட்ட பஞ்சாயத்து போர்டுல ஒட்டிருக்கான். ‘திறந்த நீர்ப்பரப்பு மட்டுமே காணப்பட்டது. குறிப்பிடத்தக்க உயிரினங்கள் இல்லை.’ கீழ ஒன் கையெழுத்து. அத வச்சுத்தான் நம்ம சேத்துத்திட்ட மண்ணடிச்சு மூடி கன்டெய்னர் யார்டு போடப் போறானாம். 20ஆம் தேதி கருத்துக் கேட்பு கூட்டம்.

நீ வந்தது பௌர்ணமி அன்னைக்கு, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு. தொடையளவு தண்ணி. என்னத்தத் தெரியும்? அன்னைக்கே காலைல ஏழு மணிக்கு தண்ணி வத்திக் கெடந்துச்சு. அப்ப வந்திருந்தா, கால் வைக்க எடமில்லாம நண்டு வளை, உள்ளான் பறவக் கூட்டம், குனிஞ்சு மட்டி பொறக்குத எங்க அம்மா, எல்லாரையும் பாத்திருப்ப.

ரிப்போர்ட்ட மாத்து.

ஜெனிலா


சென்னை
7 மார்ச்

அன்புள்ள ஜெனிலா,

சாப்பாடு ஒத்துக்கிடல. நீ கேக்க மறந்துட்ட, நானே சொல்லிட்டேன்.

காலைல போவோமான்னு ரெண்டு தரம் கேட்டேன்லா? ‘தண்ணி இல்லாட்டி பெனிஸ்டன் மாமா வள்ளம் தரை தட்டிரும், மத்தியானம் போவோம்’னு சொன்னது யாரு? எனக்கு அன்னைக்கு ராத்திரியே ரயில். மறுநாள் ரிப்போர்ட் குடுக்கணும்.

ஜூன்லதான் எனக்கு வேல நிரந்தரமாவுது. அப்பா கடைய மூடுனதுல இருந்து வீட்டுல அடுப்பு எரியுறது என் வேலையாலதான். ஒனக்குத் தெரியாதா? கெஞ்சிக் கேக்கேன், சும்மா இரு.

உமா


தூத்துக்குடி
11 மார்ச்

உமா,

ஆமா, நாந்தான் சொன்னேன். வள்ளம் எதுக்கு, கரையில இருந்து நடந்தே போயிருக்கலாம். முழங்கால் சேத்துல ஒன்ன இழுத்துட்டு நடக்க எனக்குச் சோம்பல். அம்புட்டுதான்.

ஆனா ஒனக்கு எங்க போச்சு புத்தி? வத்துன நேரத்துலதான் எண்ணணும்னு பரிட்சைல எழுதி மார்க் வாங்குனவ நீ. ரெண்டாவது வருஷமே காலேஜ விட்டு ஓடுன எனக்கே தெரியுது.

‘மத்தியானம் மட்டும்தான் பார்த்தேன்’னு ஒரு வரி சேத்து அனுப்பு. போதும். இல்லன்னா 20ஆம் தேதி நா மைக்கப் பிடிப்பேன். என் தப்ப மொதல்ல சொல்லுவேன். ஒன் பேரக் கேட்டா அதையும் சொல்லுவேன்.

ஜெனிலா


சென்னை
15 மார்ச்

ஜெனிலா,

அந்த வரிய எழுதி மேனேஜர்ட்ட குடுத்தேன். ‘கையெழுத்து போடும்போது கண்ணு தெரியலயா’ன்னு கேட்டு கிழிச்சுப் போட்டாரு. இனி என்னால ஆவாது.

நீ எப்பவும் ஒடைப்ப, நா ஒட்டணும். நீ காலேஜ விட்டு ஓடுனப்ப ஒங்க அம்மா முன்னால நின்னு ஏச்சு வாங்குனது நா. இதையாவது விட்டு வையி. நீ கூட்டத்துல பேசுனா, நா ஒனக்கு எழுதுத கடைசிக் கடுதாசி இதுதான்.

உமாராணி


தூத்துக்குடி
21 மார்ச்

உமா,

பேசிட்டேன்.

வத்துன நேரத்துல எடுத்த போட்டோவக் காட்டினேன். தப்பான நேரத்துல கூட்டிட்டுப் போனது நாந்தான்னு சொன்னேன். ‘ஆய்வு செஞ்சது யாரும்மா’ன்னு அதிகாரி கேட்டாரு. ‘ரிப்போர்ட்ல இருக்கு, பாத்துக்கிடுங்க’ன்னு உக்காந்திருக்கலாம். ஒன் பேரச் சொல்லிட்டேன்.

திரும்ப ஆய்வு செய்யச் சொல்லிட்டாங்க. அது வரைக்கும் மண்ணடிக்கக் கூடாதாம். ஏசியாவது ஒரு வரி எழுதுளா.

ஜெனிலா


தூத்துக்குடி
29 ஏப்ரல்

உமா,

நேத்து காலைல ஏழு மணிக்கு, தண்ணி நல்லா வத்துன நேரத்துல, ஒங்க கம்பெனி ஜீப் வந்துச்சு. எறங்குதது நீயா இருக்கும்னு ஓடுனேன். வேற பிள்ள. பத்மஜாவாம். ‘உமாராணி எங்க’ன்னு கேட்டேன். ‘அவங்க இப்ப எங்ககிட்ட இல்ல’ன்னா.

சேத்துல சதுரமா ஒரு மரச்சட்டத்தப் போட்டு எண்ண ஆரம்பிச்சா. ஒரு சட்டத்துக்குள்ள மட்டும் நாப்பத்தொண்ணு வளை. எங்க அம்மா சிரிக்கா, கை தட்டுதா. நா ஜீப்புக்கு அந்தப் பக்கமாப் போயி நின்னுக்கிட்டேன்.

திரும்பச் சொல்லச் சொன்னாலும் அதையேதான் சொல்லுவேன், பாத்துக்க. அதுக்காவ எனக்கு வலிக்கலன்னு நெனைக்காத.

ஒங்க வீட்டுக்குப் போனேன். ஒங்க அம்மா என்னப் பாத்ததும் கதவச் சாத்திட்டாங்க.

கூட்டம் முடிஞ்சு இது நாலாவது கடுதாசி. ஹாஸ்டல்ல இருந்து ஒண்ணுகூட திரும்பி வரல. அப்போ நீதான் வாங்குத. படிக்காமக் கிழிச்சுப் போட்டாலும் சரி. வாங்கிக்கிட்டு மட்டும் இரு.

ஜெனிலா