வேனுக்கு ஒரு பந்தல்

மே 11, சனிக்கு மறுநாள்

இன்றைய கிழமையின் முதல் எழுத்து எனக்கு இன்னும் எழுத வரவில்லை. ரீபா டீச்சரின் முதியோர் வகுப்பில் அது இனிமேல்தான். அதனால் இப்படி எழுதுகிறேன்.

என் பழைய ஆம்னி வேனில் பின்சீட்டைக் கழற்றிப் பலகை போட்டுவிட்டேன். இரண்டு பேர் படுக்கலாம். என் வீட்டுக்காரி உலகம்மாள் ஏறிப் பார்த்த வேகத்தில் இறங்கிவிட்டாள். "அடுப்புக்குள்ள இருக்க மாதிரி இருக்கு. வெளிய நெழலு இருந்தா வாரேன். இல்லன்னா நீரு மட்டும் போயிட்டு வாரும்."

மூட்டுவலி வந்தபிறகு அவள் ஆற்றைப் பார்க்கவே இல்லை. ஒரு பகல் முழுக்க முறப்பநாட்டு ஆற்றங்கரையில் அவளை உட்கார வைக்க வேண்டும்.

மே 13, செவ்வாய்

பேனர் கடை வாசலில் பழைய பிளக்ஸ் கிடந்தது. இடது பக்கம் கிழிந்து போயிருந்தாலும் வேனுக்கு நிழல் பந்தல் போட ஆகும். கடைக்காரர் சத்தியநேசன் சிரித்தார். "வாசிச்சுப் பாக்காம எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி." இப்போதுதான் வாசிக்கப் படிக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

வீட்டில் விரித்தேன். பெரிய எழுத்தில் "ணீர்". முன்னால் கிழிந்துவிட்டது. தண்ணீர்தான், வேறென்ன? அடுத்து "அ". பிறகு தெரியாத ஒரு எழுத்து. பிறகு "சலி". கீழே "பாண்டி". பாண்டி என்று யாரோ கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறார்.

உலகம்மாளிடம் சொன்னேன். "புண்ணியவான். நூறு வருசம் இருக்கட்டும்" என்றாள்.

மே 16, வெள்ளி

மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டினால் காற்றில் கிழிகிறது. ஓட்டையே இல்லாமல் எப்படிக் கட்டுவது? உலகம்மாள் முந்தானையில் சாவியை முடிந்துகொண்டிருந்தாள். அதேபோல் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கூழாங்கல்லை வைத்து முடிந்து, முடிச்சின் கழுத்தில் கயிறு கட்டினேன். இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

ஒரு பக்கம் வேன் கூரைக் கம்பி, மறுபக்கம் மூங்கில் கம்புகள். கயிற்றின் நடுவில் சைக்கிள் டியூப் துண்டு. காற்றடித்தால் டியூப் நீள்கிறது, பிளக்ஸ் தப்பிக்கிறது.

எழுத்து உள்பக்கம். படுத்துக்கொண்டே வாசிக்கலாம் அல்லவா?

மே 18, சனிக்கு மறுநாள்

காலண்டர் தாளைக் கிழித்தேன் — அட, கிழமையின் முதல் எழுத்து, பந்தலில் இருக்கிற அதே ஆள். குத்தவைத்து உட்கார்ந்து வாலைச் சுருட்டிக்கொண்டு. பந்தலில் சாய்த்து எழுதித் தலையில் புள்ளி வைத்ததால் அடையாளம் தெரியவில்லை.

மே 20, செவ்வாய்

டீச்சரிடம் கேட்டேன். ஞ. மஞ்சள், இஞ்சி, ஊஞ்சல், கொஞ்சம். 'கொஞ்சம்' எழுத முடியாமல் இத்தனை நாள் எவ்வளவு சுற்றி எழுதியிருக்கிறேன். கொஞ்சம். கொஞ்சம். கொஞ்சம்.

வீட்டுக்கு வந்து பந்தலின் கீழ் படுத்தேன்.

அஞ்சலி.

அப்படியென்றால் முன்னால் இருப்பது தண்ணீர் இல்லை.

மே 21, புதன்

பூனை குறுக்கே போனாலே வீட்டுக்குத் திரும்புகிறவள். சொன்னால் வர மாட்டாள். சொல்லாவிட்டால், வாசிக்கத் தெரியாத அவளுக்குத் தெரியப்போவதில்லை. அதுதான் உறுத்துகிறது. போன வருடம் வரை எனக்கும் பிறர் சொன்னதுதானே எழுத்து?

மே 24, சனி

நாளை ஆற்றங்கரைக்குப் புளிக்காய்ச்சல் செய்துவிட்டாள். இன்னும் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

முறப்பநாடு. மணலில் கம்பு நிற்கவில்லை. பைகளில் மணலை அள்ளி அடியில் கட்டினேன், நின்றது. காலை நீட்டிப் படுத்தவள் மேலே பார்த்தாள்.

"என்னதான் எழுதியிருக்கு? வாசியும், கேப்போம்."

இதுவரை அவள் என்னை எதையும் வாசிக்கச் சொன்னதில்லை.

"கண்ணீர் அஞ்சலி" என்றேன்.

அவள் மேலே விரல் நீட்டினாள்.

"அப்ப அந்தப் பாண்டி?"

"போயிட்டாருட்டி."

"நூறு வருசம் இருக்கச் சொன்னனே..." வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா? இல்லை. சிரிப்பு.

எழுந்தாள். வேனில் ஏறி, வீட்டுக்கு விடும் என்பாள் என்று சாவியைத் தேடினேன். அவள் தூக்குவாளியைத் திறந்து, முதல் பிடி புளிச்சோற்றைக் காக்காவுக்கு வைத்தாள். "நெழலு தந்தவருல்லா. பசியோட போவப்படாது." பிறகு பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்தபின் முடிச்சுகளை அவிழ்த்தேன்.

"பாண்டி அண்ணாச்சியைப் பைய மடியும்" என்றாள். "கிழிஞ்சிரப் போறாரு."