எல்லா வீடும் சேர்ந்தால்தான்

2005 மே 9, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் முதுகில் ஏறியது. குழாயில் தண்ணீர் வரும் முறை, வரவில்லை. செண்பகத்தின் பள்ளிப் பாவாடைக்கு மடிப்புப் பிரிக்க வேண்டும். ஒரே வருஷத்தில் மகள் நாலு விரல் வளர்ந்துவிட்டாள்.

பதினோரு மணி இருக்கும். நாங்கள் பெண்கள் மட்டும், பேப்பர்க் குழாய் உருட்டும் ஷெட்டில். வடக்கே முதலில் ஒரு சத்தம். பிறகு வரிசையாக. தகரம் மேலே பறப்பதைப் பார்த்தேன். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அத்தனை பேரும் வேலிப் பக்கம் ஓட்டம். செருப்பு எங்கே கழன்றதோ.

புகைக்குள்ளிருந்து பேச்சியம்மா நடந்து வந்தாள். எங்கள் மகளிர் குழுவில் முதலில் சேர்ந்தவள், அந்தக் கம்பெனியில் வேலை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, துவைத்த துணியைக் காயப்போட வருகிறவள் மாதிரி. கையிலிருந்து தொங்கியது துணி இல்லை.

"ராமலச்சுமி, என் தாலி கெடக்கான்னு பாரு."

கழுத்தில்தான் இருந்தது. சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை.

லோடு ஆட்டோவில் போட்டு சிவகாசி. தனியார் ஆஸ்பத்திரி. முன்பணம் கட்டினால்தான் கதவைத் திறப்பார்களாம். அந்தக் கம்பெனி ஃபோர்மேன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனவன், போனவன்தான். பேச்சி ஆட்டோவிலேயே கிடக்கிறாள். தண்ணி, தண்ணி. நான் கண்ணாடிக் கதவை உதைத்தேன். விரிசல் விட்டது. வாட்ச்மேன் என் கொண்டையைப் பிடித்து இழுத்தான். பக்கத்து வீட்டு முத்துமாரி அவன் கையைக் கடித்தாள், ரத்தம் வரும்வரை. அப்படியும் உள்ளே விடவில்லை. பெரியாஸ்பத்திரி. அங்கிருந்து மதுரை.

வீட்டுக்கு வந்து குளித்தேன். நகக்கண்ணில் கருப்பு போகவில்லை. வீட்டுக்காரர் வந்து, "பொழைப்பாளா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு வேறொரு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. நாளைக்கும் போவார்.

மே 11, புதன்

பேச்சி உயிரோடு. விரல்கள் ஒட்டிக்கொள்ளுமாம்.

ஜாகிர் சார் வந்தார். எங்கள் மகளிர் குழுக்களைப் பார்த்துக்கொள்கிறவர், டவுனில் பேப்பர் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. வைத்தியச் செலவுக்கு இன்சூரன்ஸ். வருஷம் ஒரு தடவை கட்டினால் போதும், ஆஸ்பத்திரி வாசலில் கார்டைக் காட்டினால் போதும். குழுத் தலைவி என்பதால் முதலில் என்னிடம்.

"ஆனா ஒரு கண்டிசன்க்கா. குழுவுல உள்ள எல்லா வீடும் சேரணும். ஒரு வீடு விட்டாலும் எடுக்க மாட்டாங்க."

"அதென்ன கட்டாயம்?"

"நோவு வந்தவுக மட்டும் சேந்தா பானையில தண்ணி நிக்குமா? அம்புட்டுப் பேரும் ஊத்தணும். தாகம் எடுத்தவுக மொண்டுக்கிடணும். இன்னொண்ணு. பொய் சொல்லி ஒருத்தர் வாங்குனாலும் குழுவையே தூக்கிருவாங்க."

"பேச்சிக்குக் கிடைக்குமா?"

டீ கிளாஸையே பார்த்தார். "சேர்றதுக்கு முன்னாடி பட்ட காயம்க்கா. வராது."

கிளாஸை வாங்கிக் கழுவப் போய்விட்டேன். அவர் முகத்தில் எறிந்திருப்பேன்.

மே 15, ஞாயிறு

சமுதாயக்கூடத்தில் கூட்டம். ஃபேன் ஓடவில்லை. மோர் வைத்திருந்தேன், போதவில்லை. ஆண்களும் வந்துவிட்டார்கள்.

முத்துமாரி: "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல. அடுத்தவுக நோவுக்கு நான் எதுக்குக் கட்டணும்?" வாட்ச்மேனைக் கடித்த அதே வாய்.

ஒரு கிழவர்: "ஆஸ்பத்திரிக்குக் கட்டுறதுன்னா நோவக் கூப்பிடுறது மாதிரி."

பின்வரிசையில் யாரோ: "பேச்சி வாசல்ல கெடந்தது மறந்துபோச்சாக்கும்."

நான் எழுந்து பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். சேராத வீட்டுக்கு இனிமேல் குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கடைசியில் சொன்னேன். அது வாயில் தானாக வந்தது. கூடம் அடங்கிவிட்டது. அடங்கியது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் அவர் எழுந்தார். என் வீட்டுக்காரர்.

"எங்கண்ணன் சுப்பையா வெந்து செத்தான். அன்னிக்கு அவன் வேலைக்கே வரலன்னு எளுதுனாங்க. ஷெட்டுல ஆள் கணக்குக்கு மேல இருந்துச்சுல்ல, அதான். அவன் வெந்ததே பொய்யின்னு காகிதத்துல எளுதுனவனுக, அவனுக கையில திரும்பவும் நான் காகிதத்தக் குடுக்கணுமாக்கும். கட்டாயமா வேற. ஏலே, எவன்லே அவன் என்னயக் கட்டாயப்படுத்துறது?"

சிலர் கைதட்டினார்கள். "உங்க வீட்லயே ஒத்துக்கிடல, ஊருக்கு என்ன?" என்று ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஜாகிர் சார் சமாதானமாக அவர் தோளில் கை வைத்தார். வீட்டுக்காரர் பிளாஸ்டிக் சேரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அதன் கால் ஒடிந்து ஒரு சின்னப் பெண்ணின் நெற்றியில் பட்டது. பிறகு யார் யாரை அடித்தது என்றே தெரியவில்லை. ஜாகிர் சாரின் சட்டைப் பை கிழிந்தது. என் மோர்ப்பானை காலி.

வீட்டுக்கு வந்ததும் ஓங்கி ஒரு அறை விட்டார். இடது காது. கொய்ய்ய் என்கிறது இன்னும்.

மே 16, திங்கள்

அவர் சொன்னதில் பொய் இல்லை. சுப்பையா மச்சானை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தபோது நானும் கூட நின்றேன். வேலைக்கு வராதவன் எப்படி வெந்தான் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. இவர் ஒருவர்தான் கேட்டார். கேட் வாசலில் வைத்து இவரை அடித்தார்கள். அதன் பிறகுதான் இவர் அடிக்க ஆரம்பித்தார். வெளியில் இல்லை, வீட்டுக்குள்.

இதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. காதைத் தொட்டால் பாவம் போய்விடுகிறது.

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

மே 20, வெள்ளி

எல்லா வீடும் சேர்ந்தாயிற்று. முத்துமாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் மடியில் எறிந்தாள். "கழுத்துல கத்திய வச்சு வாங்குற" என்றாள்.

பாக்கி ஒரு வீடு. என் வீடு. குடும்பத் தலைவர் இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். அவர் போட்டோ வேண்டும் என்றார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது எடுத்தது ஒன்று இருந்தது, இருவரும் நிற்கிறோம். கத்தரியால் அவர் தலையை மட்டும் வெட்டி எடுத்தேன். மீதியைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

ஜூன் 7, செவ்வாய்

இடது கையால் தலையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் மாறிவிடக் கூடாது.

சாயங்காலம் கார்டுகள் வந்தன. செண்பகம் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள். அவர் வந்து தீப்பெட்டி தேடியபோது கையில் அகப்பட்டது. தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் மூஞ்சிய எவன்ட்ட வித்த?"

"விக்கல. நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

முடிக்கவிடவில்லை. முகத்தில் குத்து. மூக்கு. விழுந்தேன். முடியைப் பிடித்து அடுப்படி வரைக்கும் இழுத்தார். பெல்ட். இத்தனை வருஷத்தில் பெல்ட் இதுதான் முதல். "கட்டாயமா? இந்தா கட்டாயம். இந்தா." ஒவ்வொரு அடிக்கும் அதையே சொன்னார். செண்பகம் குறுக்கே விழுந்தாள். அவள் முதுகில் ஒன்று. தெரியாமல் பட்டதா? இல்லை. பார்த்துத்தான் அடித்தார். அவள் கத்தவில்லை, மூச்சு மட்டும் உள்ளே போன சத்தம்.

அடுப்புப் பக்கத்தில் கருவேலங்கட்டை. கையில் வந்தது. பெல்ட்டோடு தூக்கிய கையில் போட்டேன். ஒடிந்த சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளி மாதிரி இல்லை, பச்சைக் கொப்பு மாதிரி. அவர் உட்கார்ந்துவிட்டார். கையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொன்று போட்டேன். தோளில். மூன்றாவதற்கு ஓங்கினேன்.

"அம்மா, போதும்மா" என்றாள் செண்பகம்.

அடிக்கும்போது கை நடுங்கவில்லை. இப்போது எழுதும்போதும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

முத்துமாரிதான் விடியக் கிளம்ப ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். உள்ளே வந்து ரத்தத்தையும் கட்டையையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கட்டையை எடுத்து அடுப்பில் சொருகினாள்.

ஜூன் 8, புதன்

சிவகாசி. கார்டு செல்லும் ஆஸ்பத்திரி. பேச்சியை விடாத இடம் இல்லை, வேறு. எலும்பு இரண்டு இடத்தில். ஆபரேஷன் செய்து தகடு வைக்க வேண்டும்.

டாக்டர் சின்ன வயசு. "எப்படி அடிபட்டது?"

அவர் உடனே, "பைக்குலேருந்து விளுந்துட்டேன் சார். விஸ்வநத்தம் வளைவுல. கார்டு இருக்கு சார்." இடது கையால் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நேற்று எந்தக் கார்டுக்காக என் மூக்கை உடைத்தாரோ அதே கார்டு. ஆட்டோவில் வரும்போதே எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். வீக்கம், கறுத்த கண். "நீங்களும் பைக்கில் இருந்தீங்களாம்மா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை அவரிடம் நான் கண்டதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை. வீட்டு மானம் வீட்டோடு. செலவும் மிச்சம்.

எனக்கு முத்துமாரி பேனாவை எறிந்தது நினைவு வந்தது. அத்தனை வீட்டையும் கழுத்தில் கத்தி வைத்துச் சேர்த்தேன். முதல் ஆளாக என் வீடே பொய் சொல்லி வாங்கி, அது வெளியே வந்தால்?

"விழல சார். நான்தான் அடிச்சேன். விறகுக்கட்டையால. அவர் என்னயும் பிள்ளையவும் பெல்ட்டால அடிச்சாரு, நான் அடிச்சேன். அப்படியே எழுதுங்க."

நர்ஸ் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. டாக்டர் பேனாவை மூடினார். வீட்டுச் சண்டைக்கு இன்சூரன்ஸில் கிடையாது, போலீசுக்கும் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

"சொல்லுங்க."

"கிறுக்குச் செறுக்கி" என்றார் அவர். சத்தமே வரவில்லை. "அம்புட்டயும் கெடுத்துட்டியே."

போலீஸ்காரர் வந்தார். செண்பகத்தின் முதுகைக் காட்டச் சொன்னேன். பார்த்துவிட்டு வீட்டுக்காரர் கட்டில் பக்கம் போனார். "கேஸ் குடுக்கீரா ஓய்? குடுத்தா ரெண்டு பேரு மேலயும் வரும்." அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று இன்னும் யோசனையாக இருக்கிறது.

என் தோடு ஆபரேஷனுக்குப் போனது. காது லேசாக இருக்கிறது. இடது காதில் கொய்ய் நிற்கவில்லை.

ஜூன் 11, சனி

ஊருக்கே தெரிந்துவிட்டது. குழாயடியில் நான் போனதும் பேச்சு நிற்கிறது. ஒரு கிழவி என் குடத்தை நகர்த்தி வைத்தாள். "புருசன் கைய ஒடிச்சவ." இன்னொருத்தி அந்தக் கிழவியின் குடத்தை எட்டி உதைத்தாள். நான் நடுவில் போகவில்லை. என் முறைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பேச்சி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்கப் போனேன். இரண்டு கையிலும் கட்டு, முகத்தில் ரோஸ் நிறத் தோல். நான்தான் கஞ்சி ஊட்டினேன். எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறாள்.

"ஒரு கையத்தான் ஒடிச்சியாமே?"

"ஆமா."

"கூறுகெட்டவளே, ரெண்டையும் ஒடிச்சிருக்கணும்." சிரித்தாள். சிரித்தால் உதடு வெடித்து ரத்தம் வருகிறது. துடைத்துவிட்டேன். கிளம்பும்போது, "எனக்குத்தான் அந்தக் கார்டு கெடையாதாமே" என்றாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜாகிர் சார் போன். ஆஸ்பத்திரியில் நான் சொன்னது இன்சூரன்ஸ் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டதாம். பொய் சொல்லி வாங்காததால் குழுவைத் திட்டத்திலிருந்து தூக்கப் போவதில்லை என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார், லைன் போய்விட்டது.

ஜூன் 12, ஞாயிறு

மேகம், மழை இல்லை. அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கையில் கட்டு, அதைத் தாங்கக் கழுத்தில் தூளி. வாசலில் நின்றார். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்தார். செண்பகம் பாயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முத்துமாரி எட்டிப் பார்த்தாள். அவள் மாமியாருக்கு ராத்திரியிலிருந்து மூச்சுத் திணறல், கார்டோடு சாத்தூருக்குக் கூட்டிப்போகிறாளாம், நானும் கூட வர வேண்டுமாம். "நீ கூட இருந்தா எவனும் வாசல்ல நிறுத்த மாட்டான்." கேலியா, நிஜமா, தெரியவில்லை. ஆட்டோவுக்குச் சொல்லச் சொன்னேன்.

போகுமுன் அவருக்கு டீ போட்டேன். நான் சேலை மாற்றி வந்த பிறகுதான் வாயில் வைத்தார். ஆறிப்போயிருக்கிறது போல. இடது கை மேலே போனது. அடித்துப் பழகினது ஒடிந்த கை, ஓங்கியது இது.

நான் நகரவில்லை. அவரையே பார்த்தேன்.

கை அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு கீழே இறங்கி கிளாஸை என் பக்கம் தள்ளியது.

"சூடு பண்ணித் தா."

"நீங்களே பண்ணிக்கோங்க" என்றேன். ஆட்டோ வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான்.